வாங்கிய வண்டியைச் சோதிப்பது அவநம்பிக்கை அன்று

பிரித்தானியாவில் வேரூன்றிவிட்ட நம் குடும்பங்கள் சில மோட்டார்ஹோம் வாங்குவதைக் காண்கிறோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அடுப்பு, குளிர்பெட்டி, படுக்கை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி என ஒரு சிறு வீட்டையே சுமந்து செல்லும் வாகனம் அது. நம்மவர்களுக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஹலால் உணவகத்தைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. உம்மாவின் கைப்பக்குவத்திலேயே சமைத்து உண்ணலாம். தொழுகை நேரம் வந்ததும் வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, உளூச் செய்து, விரிப்பை விரித்துவிடலாம். பெண்களுக்குத் தனிமை உண்டு; முதிய பெற்றோருக்குக் கழிவறை கைக்கெட்டும் தூரத்திலேயே உண்டு. ஸ்காட்லாந்தின் மலைகளையும் வேல்ஸின் கடற்கரைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட வசதியான வழி அரிது.

ஆனால் வண்டி வாசலுக்கு வந்த பிறகு நடப்பதைப் பார்க்கும்போதுதான் கவலை பிறக்கிறது. முதல் வாரத்தில் திரைச்சீலை மாறுகிறது. இரண்டாம் வாரத்தில் கம்பளமும் மெத்தை உறைகளும் மாறுகின்றன. மூன்றாம் வாரத்தில் கூரைமேல் சோலார் தகடு ஏறுகிறது. உள்ளே தொலைக்காட்சி மாட்டப்படுகிறது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் குடும்பம் புறப்பட்டுவிடுகிறது. எரிவாயுக் குழாய் எத்தனை ஆண்டு பழையது, சுவருக்குள் ஈரம் இருக்கிறதா, டயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எல்லாவற்றையும் ஏற்றிய பின் வண்டி எத்தனை கிலோ இருக்கும் என்ற கேள்விகளை யாரும் எழுப்புவதில்லை. யாரேனும் எழுப்பினாலும், "விற்றவர் நம்மவர்தான், பொய் சொல்லமாட்டார்" என்றோ, "நம் காக்கா ஒருவர் கார் வேலை தெரிந்தவர், ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார்" என்றோ பதில் வந்துவிடுகிறது.

நாம் சொல்ல வருவது இதுதான்: வாங்கிய வண்டியை, அந்தத் தொழிலைக் கற்ற, விற்றவரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் கூலி கொடுத்துச் சோதிக்கச் செய்வது வீண்செலவும் அன்று, சகோதரர்மீது கொள்ளும் சந்தேகமும் அன்று. அது குடும்பத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தின் ஒரு பகுதி. அந்தச் சோதனை முடியும்வரை அழகுபடுத்தும் வேலை எதையும் தொடங்கலாகாது.

இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. ஊரில் ஒரு மனை வாங்கும்போது மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் தருவோமா? வில்லங்கச் சான்று எடுக்காமல் கிரயம் முடிப்போமா? மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாட்டை ஓட்டிவருபவர் உண்டா? நகைக்கடையில் தங்கத்தை உரைத்துப் பார்ப்பதைக் கடைக்காரர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வாரா? மண்ணுக்கும் மாட்டுக்கும் பொன்னுக்கும் நாம் காட்டும் எச்சரிக்கை, மனைவி மக்களை ஏற்றிச்செல்லும் வண்டியிடம் மட்டும் தளர்ந்துபோவது ஏன் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஒரு வண்டிக்குள் இரண்டு பொருள்கள்

இந்தத் தளர்ச்சிக்கு ஒரு காரணம், மோட்டார்ஹோமை நாம் பெரிய கார் என்று எண்ணிக்கொள்வது. உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இரண்டு பொருள்கள். கீழே இருப்பது எஞ்சின், பிரேக், சக்கரங்கள் கொண்ட வேன். மேலே இருப்பது எரிவாயு, மின்சாரம், தண்ணீர், மரச்சட்டம், கூரை ஆகியவற்றால் ஆன வீடு. வேனைச் செய்பவர் ஒருவர். அதன்மேல் வீட்டைக் கட்டுபவர் வேறொருவர். ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் மிகப் பல, ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டத்தின்மீது வேறு நிறுவனங்கள் கட்டியவையே.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் பதிவாகி மூன்றாண்டு கடந்த வண்டிகள் ஆண்டுதோறும் எம்ஓடி சோதனையில் தேறவேண்டும். "எம்ஓடி இருக்கிறது" என்று விற்பவர் சொன்னவுடன் நம்மில் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறோம். அச்சோதனை பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங், சீட் பெல்ட், புகை போன்றவற்றைப் பார்க்கிறது. சமையல் அடுப்பையோ, வெப்பமூட்டியையோ, எரிவாயுக் குழாயையோ, சுவரின் ஈரத்தையோ அது தொடுவதில்லை. கீழே உள்ள வேன் தேறிவிட்டது என்பதற்குத்தான் அது சான்று. மேலே உள்ள வீட்டைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வேனைப் பொறுத்தமட்டிலும்கூடச் சான்றிதழ் மட்டும் போதாது. வண்டியின் பதிவு எண்ணைக் கொண்டு பழைய எம்ஓடி முடிவுகளை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஓடிய தூரம், தோற்ற காரணங்கள், "கவனித்துக்கொள்க" என்று குறித்துத் தந்த எச்சரிக்கைகள் யாவும் அங்கே உள்ளன. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மோட்டார்ஹோம்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், டயரின் பூ தேயுமுன்னே ரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விட்டுவிடும். எஞ்சினின் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். ஓடிய தூரம் குறைவு என்று மகிழ்வோர், அதை ஆண்டுக் கணக்கிலும் மாற்றவேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குவியலுக்குள் இருந்த ஈரம்

தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்ததும், விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததாக வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கண்டித்ததும், ஏமாற்றுபவரோடு தமக்குத் தொடர்பில்லை என்று அறிவித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. இச்செய்தியை வணிகருக்கான எச்சரிக்கையாக மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். வாங்குவோருக்கும் அதில் பாடம் இருக்கிறது. மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தி அடையாமல் உள்ளே கையை விட்டுப் பார்ப்பது நபிவழிக்கு மாறானதன்று.

மோட்டார்ஹோமின் பெரும்பகையும் ஈரம்தான் என்பது கவனிக்கத்தக்கது. அதன் சுவரும் கூரையும் தகடுகளை இணைத்துச் செய்யப்பட்டவை. இணைப்புகளிலும், சன்னல் ஓரங்களிலும், கூரைத் திறப்புகளிலும் பூசப்பட்ட அடைப்புப் பசை, வெயிலிலும் பனியிலும் காய்ந்து, இறுகி, வெடிக்கிறது. மயிரிழை அளவு வெடிப்பு வழியே மழைநீர் இறங்கி உள்ளே உள்ள மரச்சட்டத்தை ஆண்டுக்கணக்கில் நனைக்கிறது. வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே சுவர்த்தாள் அழகாக ஒட்டியிருக்கும். நடுவில் இருக்கும் மரம் மட்டும் உளுத்துக்கொண்டிருக்கும். காலால் மிதித்தால் தரை மெத்தென்று அமுங்குகிறதா, அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை வருகிறதா என்று யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த அறிகுறிகள் தெரியும் நிலையில் சேதம் முற்றியிருக்கும்.

தொழில் தெரிந்தவர் ஈரமானியோடு வருவார். சுவர், மூலை, தரை, சன்னலின் கீழ்ப்புறம் எனப் பல இடங்களில் அதை வைத்து அளந்து, ஒவ்வோர் இடத்தின் அளவையும் வண்டியின் வரைபடத்தில் குறித்துத் தருவார். பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 15 முதல் 20 வரை இருந்தால் தொடர்ந்து கண்காணிக்கவேண்டும். 20ஐத் தாண்டினால் கசிவைத் தேடி அடைக்கவேண்டும். 30ஐத் தாண்டினால் மரச்சட்டமே சிதைந்திருக்க வாய்ப்புண்டு. முதல் நிலையில் சிறு செலவோடு முடிகிற வேலை, கடைசி நிலையில் சுவரையே பிரித்துக் கட்டும் வேலையாகிவிடும். புதிய வண்டி என்பதாலும் இதைத் தவிர்க்க இயலாது. நீர்க்கசிவுக்கு எதிராகத் தரப்படும் உத்தரவாதங்கள் பலவற்றில், ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சோதித்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஓர் ஆண்டு தவறினால் உத்தரவாதமே செல்லாமல் போகலாம்.

உறங்கும் பிள்ளைகளின் உயிர்

ஈரம் பணத்தைத்தான் தின்னும். எரிவாயுவின் கணக்கு வேறு. மோட்டார்ஹோமின் அடுப்பும், வெந்நீர்க் கலனும், வெப்பமூட்டியும், பெரும்பாலான வண்டிகளில் குளிர்பெட்டியும் சிலிண்டர் எரிவாயுவால் இயங்குபவை. இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையில் தேங்கும். அதை வெளியேற்றத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் வண்டியின் தரையிலும் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று அத்துவாரங்களைத் துணியாலோ ஒட்டுநாடாவாலோ அடைத்துவிடுவோரும், அவற்றின்மேல் கம்பளம் விரித்துவிடுவோரும் உண்டு. வண்டியை அழகுபடுத்துகிறோம் என்ற எண்ணத்தில் உயிர்காக்கும் வழியை மூடிவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. போதிய காற்றின்றி எரியும் அடுப்பும் பழுதுபட்ட வெப்பமூட்டியும் அதை உண்டாக்குகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். உறங்குகிறவருக்கோ அந்த அறிகுறிகளை உணரும் வாய்ப்பும் கிடைப்பதில்லை. ஐந்தாறு பேர் நெருக்கமாகப் படுத்துறங்கும் சிறு அறையில் இதன் பொருள் என்ன என்பதை விவரிக்கத் தேவையில்லை. வெளியே இறைச்சி சுட்ட கரி அடுப்பை, அணைந்துவிட்டதாக நினைத்து உள்ளே எடுத்து வைப்பதாலும் இங்கு உயிர்கள் போயிருக்கின்றன. சாம்பல் மூடிய கரியும் அந்த நச்சுவாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே எரிவாயு வேலையில் "ஓரளவு தெரிந்தவர்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரித்தானியாவில் எரிவாயுத் தொழிலாளர்களுக்கு கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்ற பதிவேடு இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்றவரிடம் ஒரு அட்டை இருக்கும்; அதன் பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு அடுப்பைச் சரிசெய்யும் தகுதி உடையவர் எல்லாரும் மோட்டார்ஹோமைத் தொடும் தகுதி பெற்றவர் அல்லர். சிலிண்டர் எரிவாயுவுக்கும், இத்தகைய விடுமுறை வாகனங்களுக்கும் தனித் தகுதிகள் உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கூச்சப்படவேண்டாம். அவர் நல்லவரா என்பது அங்கே கேள்வி அன்று. இந்த வேலையைக் கற்றவரா என்பதே கேள்வி.

அவர் வந்தால் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவைச் சோதிப்பார். ரப்பர் குழாயில் பொறித்துள்ள ஆண்டைப் பார்ப்பார். ரெகுலேட்டர் பத்தாண்டைத் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்வார். அடுப்புச் சுடரின் நிறம் நீலமா மஞ்சளா என்று கவனிப்பார். புகைபோக்கி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, அதன் ஆயுட்காலம் முடிந்துவிட்டதா என்று சொல்வார். இத்தனைக்கும் ஆகும் நேரம் ஒரு பகற்பொழுதைத் தாண்டாது.

எடையும் இருக்கையும்

நம் குடும்பங்கள் பெரியவை. "ஆறு பேர் படுக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன் ஆறு பேர் பயணமும் செய்யலாம் என்று முடிவுசெய்துவிடுகிறோம். படுக்கைகளின் எண்ணிக்கையும் சீட் பெல்ட் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆறு படுக்கையும் நான்கு பெல்ட்டும் கொண்ட வண்டிகள் ஏராளம். பக்கவாட்டைப் பார்த்த இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தச் சட்டம் இடந்தரவில்லை. மீதி இருவரைப் பின்னால் சோபாவில் உட்கார வைத்து, மெதுவாகத்தானே போகிறோம் என்று தேறுதல் சொல்லிக்கொள்வது, மோதலின்போது அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றாது.

எடையும் அவ்வாறே. 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்களின் வழக்கமான உரிமம், 3,500 கிலோ வரை எடை அனுமதிக்கப்பட்ட மோட்டார்ஹோம்களை ஓட்டத்தான் செல்லும். அதனால் பெரும்பாலான வண்டிகள் அந்த எல்லைக்குள் அடங்குமாறு கட்டப்படுகின்றன. வெறும் வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் எஞ்சுவது சில நூறு கிலோதான். அதற்குள் ஆட்கள், துணிமணி, பாத்திரம், அரிசி மூட்டை, மிதிவண்டி, தண்ணீர் எல்லாம் அடங்கவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. அதன்மேல் கூடுதல் பாட்டரி, சோலார் தகடு, வெளிக்கூடாரம், தொலைக்காட்சி என நாம் செய்யும் ஒவ்வொரு "மேம்பாடும்" அந்தக் கணக்கிலிருந்து கிலோக்களைப் பிடுங்கிக்கொள்கிறது. எடை மீறிய வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும், டயரை வெடிக்கச் செய்யும். காவலர் நிறுத்தினால் அபராதமும், பயணத்தைத் தொடரத் தடையும் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரலாம். எடைமேடைக்கு ஒருமுறை கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, வழியில் குடிக்கும் தேநீர்ச் செலவைப் போன்றது.

இங்கே ஒரு சிறு கணக்கை நம் பெண்கள் முன்வைக்கலாம். ஐந்து பேர் நாளொன்றுக்கு ஐந்து முறை ஒவ்வொரு லிட்டரில் உளூச் செய்தால் 25 லிட்டர் ஆகும். குழாயைத் திறந்துவிட்டபடி செய்தால் தொட்டி ஒரே நாளில் வற்றிவிடும். உடனே பெரிய தொட்டி பொருத்தலாமா என்ற யோசனை எழுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குள், உளூச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். ஒரு குவளையை வைத்துக்கொண்டு அந்த ஸுன்னத்தைப் பழகினால் பெரிய தொட்டியே தேவைப்படாது. வண்டியின் எடையும் ஏறாது.

யாரை அமர்த்துவது?

வேன் பகுதிக்கு அந்த வகை வண்டியில் பழக்கமுள்ள மெக்கானிக். வீட்டுப் பகுதிக்கு ஹாபிடேஷன் சோதனை செய்யும் பட்டறையோ, வீடு தேடி வரும் தொழிலாளியோ. நேஷனல் கேரவன் கவுன்சில் அங்கீகரித்த பட்டறைகளின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். விற்பவர் தாமே ஏற்பாடு செய்து தரும் சோதனை அறிக்கையை மட்டும் நம்பியிருப்பது, மணமகன் வீட்டாரிடமே மணமகனைப் பற்றி விசாரிப்பது போன்றது. யாருடைய கூலியைப் பெறுகிறாரோ அவருக்குத்தான் சோதிப்பவர் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

கார் வேலை தெரிந்த உறவினரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் கைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஈரமானியும் எரிவாயுத் தகுதியும் இல்லாத அவரிடம் "எல்லாம் சரிதானே?" என்று கேட்பது அவருக்கே செய்யும் அநீதி. இல்லை என்று சொன்னால் உறவு கசக்கும். ஆம் என்று சொல்லிவிட்டுப் பின்னர் ஏதேனும் நடந்தால் அந்தச் சுமையை அவர் வாழ்நாள் முழுவதும் சுமக்கவேண்டும். அவரைச் சோதனை நடக்கும் இடத்துக்கு உடன் அழைத்துச் செல்லலாம். தொழிலாளி சொல்வதைப் புரிந்துகொண்டு, கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்க அவர் உதவுவார்.

எதையும் எழுத்தில் பெறவேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும், சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் திருக்குர்ஆனின் 2:282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. ஒருவரையொருவர் நம்பிய முதல் தலைமுறையினருக்கே அந்தக் கட்டளை என்றால், நாம் எம்மாத்திரம்? சோதனை அறிக்கையும், செய்யவேண்டிய வேலையின் பட்டியலும், கூலியும், முடிக்கும் தேதியும் தாளில் இருந்தால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு நேராது.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். தொழிலாளியின் வியர்வை உலருமுன் ஊதியத்தைத் தந்துவிடவேண்டும் என்ற நபிமொழியை மேடைதோறும் கேட்கிறோம். அவ்வாறிருந்தும், பல பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வண்டி வாங்கியவர், அதைச் சோதிக்க வந்தவரின் சில நூறு பவுண்டுக் கூலியில் பேரம் பேசுகிறார். பாதி விலைக்குச் செய்கிறேன் என்பவரைத் தேடிப் போகிறார். அரைக்கூலிக்கு அரைச் சோதனைதான் கிடைக்கும். நியாயமான கூலியை முன்கூட்டியே பேசி, வேலை முடிந்த அன்றே தந்துவிடுவது நம் மார்க்கத்துக்கும் அழகு, நம் வண்டிக்கும் பாதுகாப்பு.

முப்பது நாள்

சோதனையை வாங்குமுன் செய்வதே சிறந்தது. வாங்கிய பிறகுதான் நினைவு வந்தது என்றால், ஒரு நாளையும் வீணாக்கலாகாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பொருள் தரக்குறைவானது என்றால் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை உண்டு. அதன் பிறகு, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்தது என்று சட்டம் கருதும். ஆயினும் வணிகருக்குச் சரிசெய்ய முதலில் ஒரு வாய்ப்புத் தரவேண்டும். தனிமனிதரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு மிகச் சுருங்கிவிடுகிறது. நம்மவரிடமிருந்து வாங்கும் வண்டிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், அங்கேதான் முன்சோதனை இன்றியமையாதது. பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அது வண்டியைப் பதிவுசெய்து வைத்திருப்பவரை மட்டுமே காட்டுகிறது. வண்டியின்மேல் தீராத கடன் உண்டா என்பதையும் தனியே விசாரிக்கவேண்டும்.

இந்தச் சட்டம் நமக்கு அந்நியமானதன்று. விற்ற பொருளில் மறைந்திருந்த குறை தெரியவந்தால் திருப்பித்தரும் உரிமையை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் உட்பட நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவைத்துள்ளன. திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் முதல் மாதத்தைச் செலவிடுகிறவர், மார்க்கமும் நாட்டுச் சட்டமும் சேர்ந்து தந்த உரிமையைக் கைநழுவ விடுகிறார். அதுமட்டுமின்றி, கூரையில் துளையிட்டுத் தகடு பொருத்திய பிறகு கசிவு கண்டால், "இது நீங்கள் போட்ட துளை" என்று வணிகர் சொல்வதற்கும் இடம் தந்துவிடுகிறார்.

அழகு பிறகு

மேம்பாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரிசை முக்கியம் என்கிறோம். முதலில் அறிக்கை சுட்டும் ஆபத்துகள்: எரிவாயு, பிரேக், டயர், எச்சரிக்கைக் கருவிகள். அடுத்து கசிவும் ஈரமும். பிறகு எடைமேடை. எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்று தெரிந்த பின்னரே சோலார் தகடும் பாட்டரியும் மற்றவையும். அவற்றையும் தகுதியுள்ளவரே செய்யவேண்டும். பழைய ஈய அமிலப் பாட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பாட்டரியை வைத்தால் மட்டும் போதாது. அதற்கேற்ற சார்ஜரும் வயரும் ஃபியூஸும் தேவை. இவற்றை அறியாமல் செய்த இணைப்பு, தீவிபத்தில் முடியலாம். குளிர்காலத்தில் குழாய்களிலும் வெந்நீர்க் கலனிலும் உள்ள தண்ணீரை எப்படி வடிப்பது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். வடிக்காமல் விட்ட தண்ணீர் உறைந்து கலனைப் பிளந்துவிடும்.

"அல்லாஹ்வின்மீது தவக்குல் வைத்துப் புறப்படுகிறோம்" என்று சிலர் சொல்லக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி அறிவுறுத்திய நபியின் உம்மத்து நாம். கட்டாமல் விட்டுவிட்டு, ஓடிப்போன பிறகு விதி என்று சொல்வது தவக்குல் ஆகாது.

நம்மவரிடம் வாங்கும்போது சோதனை கேட்பது உறவைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஒரு மாற்று உண்டு. விற்பவரே முந்திக்கொள்ளட்டும். வண்டியை விற்க நினைக்கும் சகோதரர், "நீங்கள் விரும்பும் ஆளை அழைத்து வந்து பாருங்கள்; எனக்குத் தெரிந்த குறைகள் இவை" என்று தாமாகச் சொல்லட்டும். வைத்திருக்கும் அறிக்கைகளையும் பில்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வண்டியோடு கொடுக்கட்டும். நனைந்த தானியத்தைக் குவியலின் மேலே வைப்பது என்பது இதுதான். அப்படி ஒரு வழக்கம் நம்மிடையே நிலைபெற்றுவிட்டால், சோதனை கேட்பவர் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்கப்படுபவரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

கோடை விடுமுறை நெருங்கும்போது பட்டறைகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிடும். வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போதே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளட்டும். வாங்க எண்ணியிருப்போர், சோதனைக்கான கூலியை வண்டியின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளட்டும். பயணத்தின் துஆவை ஓதி வண்டியைக் கிளப்பும்போது, நம் கையால் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவும் உடன் வரவேண்டும். நம் குடும்பங்களின் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்கிவைப்பானாக.